பிறகு வந்த பட்டன்கள்

“பிறகு வந்த பட்டனுக்கெல்லாம் காது கேக்காதுடி.”

திண்டுக்கல்லில் ஏறிய மதுரை பஸ்ஸில், முன்சீட்டில் இதைக் கேட்டதும் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். மடியில் லேப்டாப்போடு இரண்டு பெண்கள். சொன்னவள் பர்வீன்; காலடியில் பெரிய பெட்டி, மதுரையில் பிளைட் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். மற்றவள் செல்வி. சின்னாளப்பட்டி சேலைக்கடை ஒன்றின் வெப்சைட்டை இதுவரை இருவரும் சேர்ந்து எழுதினார்களாம். இனி செல்வி மட்டும்.

“கோடுல ‘கிளிக்’னு ஒத்த வார்த்தை எழுதுனா முடியுதேடி?” என்றாள் செல்வி.

“சோம்பேறி. அது பேஜ் திறக்கும்போது இருக்குற பட்டனுக்கு மட்டுந்தான். ‘இன்னும் காட்டு’ன்னு அமுக்குனா புதுசா பத்து சேலைக் கலர் பட்டன் வருதுல்ல, அதுக எல்லாம் சும்மா கெடக்கும். ‘ஆன்’னு எழுதி, கலரையெல்லாம் சுத்தியிருக்குற பெட்டியில கட்டு. உள்ள எந்த பட்டன்னும் சொல்லிரு. எப்ப வந்தாலும் வேலை செய்யும்.”

“அம்புட்டு நீளமா?”

“ஒரு வரிதாண்டி. காலேஜ்லயே சொல்லிக் குடுத்தாங்க, நீ தூங்கிட்ட.”

“இனிமே சந்தேகம்னா வீட்டுல கோழிகிட்டதான் கேக்கணும்.”

“போன் போடு. இப்ப எழுது, பாப்போம்.”

செல்வி எழுதவில்லை. “சின்னாளப்பட்டி எறங்குறவங்க வாங்க” என்றார் கண்டக்டர்.

“ஏண்டி, எழுதாமயே எந்திரிக்கிற? இன்னைக்கு ஓனர்கிட்ட காட்டணும்ல?”

“நேத்தே மாத்திட்டேன். காட்டியும் முடிச்சாச்சு.”

“பிறகு எதுக்குடி திண்டுக்கல்லருந்து இதையே கேட்டுட்டு வந்த?”

“வேற என்ன பேசுறதுன்னு தெரியல.”