கருவி அலமாரிச் சாவி

மேலே விசாரணை அதிகாரி எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது எழுபத்தொன்று. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். விமானப் பட்டறையில் இன்ஜின் மெக்கானிக்காக இருப்பவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. எங்கள் குடும்பத்தில் இன்ஜினைத் தொட்ட முதல் ஆள் அவள். இதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இரண்டே இன்ஜின் உள்ள விமானத்தைப் பெருங்கடல் தாண்டி ஓட்ட அவர்கள் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. வழியில் ஒன்று நின்றால், மற்றதை மட்டும் நம்பி மூன்று மணி நேரம் பறந்தால்தான் இறங்க இடம். அதனால் இரண்டு இன்ஜினிலும் ஒரே ஆள் கை வைக்கக் கூடாது என்பது விதி. சம்பவத்தன்று அதற்கான சோதனைப் பயணம். அதிகாரிகளும் ஊழியர்களுமாக முப்பது பேர் ஏற இருந்தார்கள்.

மதியம் வழக்கம்போல் கேரியரோடு பட்டறைச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். பேத்தி இடது இன்ஜினை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வலது இன்ஜினைப் பார்க்க வேண்டியவர் காய்ச்சலில் வரவில்லை. அதன் பிறகு மேனேஜர் வந்து, அதையும் அவளே முடிக்க வேண்டும், கையெழுத்துக்கு வேறு ஆள் இருக்கிறார், முடியாதென்றால் நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லி, என்னையும் எடுத்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னால் அவள் கேட்பாள் என்று நம்பியிருக்கிறார், பாவம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நானும், செய்துவிட்டு வந்துவிடேன் என்றேன்.

அதற்கு அவள், "நான் ஒண்ணுல தப்பு பண்ணியிருந்தா, அதே தப்பைத்தானே மத்ததுலயும் பண்ணுவேன் பாட்டி? அப்புறம் நடுக்கடல்ல எதை நம்பி வர்றது?" என்றாள்.

அதன் பிறகு சோற்றைத் தொடாமல் முகம் கழுவ எழுந்து போனாள். திரும்பி வந்ததும் வேறு வழியில்லாமல் மேனேஜர் சொன்னதைச் செய்யப் போய்விடுவாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. மேசைமேல் அவள் பொறுப்பில் இருந்த கருவி அலமாரியின் சாவி கிடந்தது; அது இல்லாமல் வேலை நடக்காது. அதை எடுத்துச் சோற்றுக்குள் அழுத்தி, கேரியரை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் காவலாளி, "என்ன பாட்டி, அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு பயணம் தள்ளிப்போனதும், சாவியை ஒளித்து நாசவேலை செய்ததாகப் பேத்திமேல் மேனேஜர் புகார் கொடுத்ததும் இங்கே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துதான் தெரியும். சாவியை நான் எடுத்தது அவளுக்குத் தெரியாது. சாவி இதோ, சோறு ஒட்டியபடியே இருக்கிறது. பக்கத்து அறையில் அவளை விசாரிக்கிறவர் குரல் கேட்கிறது. அவள் குரல் கேட்கவில்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. கைநாட்டுக்கு மை எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்லி, முழுப் பெயரையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். புகாரில் பேத்தி பெயர் இருக்கும் இடத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம்.