கிளாங்கில் தங்கிவிட்ட பிரேசில்காரன்

பிரேசில்காரர்களும் நம்மைப்போலச் சோறும் பருப்பும் சாப்பிட்டு வளர்கிறவர்கள் என்பது எனக்கு ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை அவர்கள் இறைச்சியைச் சுட்டுத் தின்றுவிட்டுப் பந்து உதைக்கப் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் சிரிக்கலாம், மேடம். இதைச் சொன்னபோது ஜெனியும் சிரித்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆனால் அவன் யார் என்று தெரியாமல் எழுதிக்கொண்டால் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

என் பெயர் ஜெய்னுதீன். கிளாங் லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டு சந்து தள்ளி என் சாப்பாட்டுக்கடை. மனைவி தவறிப் பல வருஷமாகிறது. ஒரே மகள் தஸ்லீமா, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளர். மகன் இல்லை. ஜெனி எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவின் ஸ்ட்ரைக்கர். முழுப்பெயர் ஜெனிவால்டோ. அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் கோல் போட்டுவிடுவான் என்று லோகன் சொல்வார். லோகன் பண்டமாரானில் லோரி ஓட்டுகிறவர், என் கடையின் நிரந்தர வாடிக்கை, சும்மா இருக்கத் தெரியாத வாய்.

ஜெனி முதல் நாள் பயிற்சி முடிந்து தனியாக வந்தான். பருப்புச் சட்டியைக் கைகாட்டினான். மூன்று தட்டுச் சோறு போயிற்று. இதற்கு முன் இந்தோனேசியாவில் ஆடியிருந்ததால் மலாய் பேசுவான். அம்மா வீட்டுப் பருப்பு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் பருப்பைச் சாப்பிட்டு அழுதவர்கள் அதற்கு முன் யாருமில்லை, காரத்துக்கு அழுதவர்களைச் சேர்க்கவில்லை. அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

பெர்னாம்புகோ பக்கம் ஒரு கரும்புத்தோட்ட ஊரில் பிறந்தவன். அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பதினேழு வயதில் சொந்த ஊர்க் குழுவுக்கு ஆடி, பட்டணத்துப் பெரிய குழுவைத் தனியாளாகத் தோற்கடித்தான். ஊரே அவனைக் கரும்பு லோரியில் ஏற்றி ஊர்வலம் வந்ததாம். அடுத்த வருஷமே அந்தப் பட்டணத்துக் குழு அவனை வாங்கிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார வைத்தது. பிறகு போர்ச்சுகல், அங்கேயும் பெஞ்சு. ஜார்ஜியாவில் பனி தாங்காமல் காலுறையைக் கையிலும் மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறான். வியட்நாமில் கோல் மேல் கோலாகப் போட்டான். சீசன் முடிந்ததும் அந்தக் குழுவையே இழுத்து மூடிவிட்டார்கள். அப்புறம் இந்தோனேசியா, அப்புறம் நாங்கள்.

"எல்லா ஊர்லயும் பெட்டிக்குள்ளதான் சட்ட இருக்கும். கிளாங்லதான் அலமாரில மாட்டினேன், வாப்பா," என்பான். தஸ்லீமா என்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவனும் வாப்பா என்றே கூப்பிடப் பழகியிருந்தான். ஆறடி உயரத்து ஆள் அந்தச் சொல்லை வாயில் போட்டு உருட்டும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

எங்கள் மாதிரிக் கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. தினமும் வருகிறவர் எதையும் கேட்டு வாங்கமாட்டார். உட்காரும்போதே "பியாசா" என்பார், வழக்கம்போல என்று அர்த்தம். அவருக்கு எது, எவ்வளவு இனிப்பு, எவ்வளவு சூடு என்பதெல்லாம் கடைக்காரன் தலையில் இருக்கும். வந்த கோப்பையை உற்றுப் பார்த்துவிட்டுக் குடிப்பவன் வெளியூர்க்காரன். ஜெனிக்குப் பியாசா என்றால் இஞ்சித் தேநீர், சர்க்கரை குறைவு. அதை நான்தான் போடுவேன். வேலையாட்களைத் தொடவிடமாட்டேன்.

இரண்டாவது சீசன் தொடக்கத்தில் அவன் வலது முட்டி வீங்கியது. ஆறு மாதம் ஓய்வெடுக்கச் சொன்னார் குழுவின் டாக்டர். முப்பத்துமூன்று வயது ஸ்ட்ரைக்கரிடம் அப்படிச் சொன்னால் ஊருக்குப் போ என்று பொருள். மருந்து கொடுக்கலாம் என்றால், அவன் இருமல் மருந்துகூடக் குடிக்கமாட்டான். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பெயர் கெட்டுவிடும் என்று பயம். அதனால் அவனிடம் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஜெஞ்சாரோம் பாசாரில் ஒருவர் ஜாமு விற்கிறார். மூலிகைத் தூள் அடைத்த மாத்திரை, மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து என்று பெயர். என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அதை விழுங்கிவிட்டுத்தான் தொழுகையில் குனிந்து நிமிர்கிறோம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, உறையைப் பிரித்து அவன் தேநீரில் போட்டேன். இஞ்சிக் காரத்தில் வேறு ருசி தெரியாது. மூலிகைதானே, என்ன செய்துவிடப்போகிறது என்று நினைத்தேன். நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஒரு வாரத்தில் வீக்கம் வற்றியது. அடுத்த ஆட்டத்தில் இரண்டு கோல். என்ன ரகசியம் என்று நிருபர் கேட்டதற்கு, வாப்பா கடை இஞ்சி என்று காமிராவைப் பார்த்துச் சொல்லிவிட்டான். மறுநாள் கடை வாசலில் வரிசை நின்றது. 'ஜெனி ஹாலியா' என்று பலகை மாட்டினேன், ஹாலியா என்றால் மலாயில் இஞ்சி, அவன் கையெழுத்துப் போட்ட சட்டையைச் சுவரில் மாட்டினேன், ஆட்டம் பார்க்கப் பெரிய திரை வாங்கினேன். மற்றவர்களுக்கு வெறும் இஞ்சிதான் கொடுத்தேன். அந்த விஷயத்தில் என்மேல் யாரும் புகார் சொல்ல முடியாது.

மாதங்கள் போகப் போக அவன் முகம் உருண்டு திரண்டது. "என்னா பாஸ், ஒங்க ரொட்டிய தின்னு தின்னு ஜெனி மூஞ்சி பூரி மாதிரி ஆயிருச்சு லா," என்றார் லோகன். கடையே சிரித்தது. ஜெனியும் கன்னத்தை ஊதிக் காட்டினான். என் சாப்பாடு ஒட்டுகிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

தேயிலை டின்னுக்குப் பின்னால் இருந்த பொட்டலத்தைத் தஸ்லீமா ஒருநாள் பார்த்துவிட்டாள். எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள்.

"இத யாரு வாப்பா சாப்புடுறா?"

"நான்தான். முட்டி வலி."

"இது தட பண்ணுன சரக்கு. மூலிகன்னு பேருதான், உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கு. எவ்ளோ நாளா?"

"ஆறேழு மாசமா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதீங்க. ஆனா டக்குனு மட்டும் நிறுத்திராதீங்க. ஒடம்பு தானா செய்யவேண்டியத இது செஞ்சிட்டிருக்கு. திடீர்னு விட்டா, ஒரு சாதா காய்ச்சல் வந்தாக்கூட ஆளு போயிரும். ஹாஸ்பிட்டல் போயி, அவங்க சொல்ற மாதிரி கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கணும். போறீங்களா?"

போகிறேன் என்றேன். புரிந்துகொள்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள், மேடம். கெட்டிக்காரப் பெண். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அவள் எனக்காக அழுதாள்.

நான் நிறுத்தவில்லை. அரையிறுதி ஆட்டம் இருந்தது.

அந்த ஆட்டத்தில் ஜெயித்த மறுநாள் ஜெனி துள்ளிக்கொண்டு வந்தான். "வாப்பா, நான் வீட்டுக்கு போறேன்." அவன் பிறந்த ஊர்க் குழு மேல் பிரிவுக்கு ஏறியிருக்கிறது. கடைசியாக ஒரு சீசன், பழைய ஒன்பதாம் எண் சட்டையில் ஆட வரச் சொல்லியிருக்கிறார்கள். கோலாலம்பூரில் ஒரு மருத்துவச் சோதனை மட்டும் பாக்கி. அம்மா இருக்கிறாள். எட்டு வயது மகன் இருக்கிறான், ஜெனி அவனைப் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்த்திருக்கிறான். "நீங்களும் வாங்க, அம்மா பருப்ப சாப்புட்டு மார்க் போடுங்க," என்றான். கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். கடையில் இருந்த எல்லோருக்கும் அன்றைக்குத் தேநீர் இலவசம். அன்று மதியம் கடை நிறையக் கூட்டம், ஆனால் எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் கூடுதலாகப் போடவில்லை. இதை நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தூள் போடுவதை விட்டேன், அவ்வளவுதான். இஞ்சி, தேயிலை, கொஞ்சம் சர்க்கரை. அந்த வருஷத்தில் அவனுக்கு நான் கொடுத்த சுத்தமான தேநீர் அதுதான். சோர்ந்துபோவான், சோதனையில் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், கிளாங்கிலேயே இருந்துவிடுவான், பிறகு பழையபடி போடலாம் என்று நினைத்தேன்.

நினைத்தபடியே சோர்ந்தான். பயிற்சியில் மழையில் நனைந்து காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. அவன் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று என் கடை மாடிக்குக் கூட்டிவந்தேன். கஞ்சி காய்ச்சி ஊட்டினேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன், வேர்த்த சட்டையை மாற்றினேன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு அவை சந்தோஷமான நாட்கள்.

சோதனைக்கு அவனால் போக முடியவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. குணமாகி வரட்டும், எத்தனை நாளானாலும் காத்திருக்கிறோம் என்று சேதி அனுப்பினார்கள். ஜெனி அதை எனக்குப் படித்துக் காட்டினான். குரலில் தெம்பில்லை, முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். காத்திருப்பார்கள் என்றால் தூளை எப்படி மறுபடி ஆரம்பிப்பது? எழுந்து போய்விடுவானே.

பக்கத்துக் கிளினிக்குக்கும் கூட்டிப்போனேன், பார்க்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டார். வேறு மருந்து, மாத்திரை, மூலிகை ஏதாவது சாப்பிடுகிறாரா? ஜெனி இல்லை என்று தலையாட்டினான். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது. டாக்டர் என்னைப் பார்த்தார். பொட்டலம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. இல்லை டாக்டர், என் கடைச் சாப்பாடு மட்டும்தான் என்றேன். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, குறையாவிட்டால் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். போகவில்லை. அங்கே ரத்தம் எடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் கண்ணைத் திறந்து, "வாப்பா, பியாசா," என்றான். இஞ்சித் தேநீரைத் தேக்கரண்டியால் கொடுத்தேன். இரண்டு வாய் உள்ளே போனது. பள்ளிவாசலுக்குப் போய் அவனுக்காகத் துஆ கேட்டேன், உண்மையாகவே மனமுருகிக் கேட்டேன். திரும்பி வந்தபோது தஸ்லீமா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்க்க வந்திருக்கிறாள். அந்த உருண்டை முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததுமே, அது ஸ்டீராய்டு ஊதவைத்த முகம் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். அவள் வந்தபோதே மூச்சு இல்லை.

"முட்டி வலி யாருக்கு வாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவள்தான் என்று தெரியும். வருத்தமாக இருக்கிறது, கோபமில்லை. நாளைக்கு அவளுக்கும் பிள்ளைகள் வளர்ந்து பெட்டி கட்டும்போது புரியும்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். தெரிந்தேதான் செய்தேன். நிறுத்தினால் ஆள் போய்விடும் என்று எனக்கு இரண்டு தடவை சொல்லப்பட்டது. நிறுத்தினேன். ஒரு வார்த்தை சொன்னால் பிழைப்பான் என்றும் தெரியும். சொல்லவில்லை.

அவன் அம்மாவோடு வீடியோவில் பேசினேன். ஜெனியின் ஏஜென்ட் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்த்தார். அந்த அம்மா ரொம்ப நேரம் அழுதுவிட்டு, கடைசி நாட்களில் என் மகன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டாள். நான் இருந்தேன் அம்மா, ஒரு நிமிஷம்கூட அவனைத் தனியாக விடவில்லை என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்ற தகப்பன் உயிரோடு இருந்திருந்தாலும் என் அளவுக்கு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார், மேடம்.