தத்துவத் துறையும் என் தோசைக்கல்லும்

தோசை வார்ப்பதில் எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. முதல் நாளே மாவை ஆட்டிவைத்து, கல் காய்ந்ததும் ஊற்ற வேண்டியதுதான். டெக்சாஸ் வெயிலில் மாவு தானே பொங்கிவிடும். ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டுக்கு வந்து யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை, அவ்வளவுதான்.

என் மகள் வெண்பா, ஒரு மணி நேர டிரைவில் இருக்கும் சின்னத் தனியார் கல்லூரியில் படிக்கிறாள். காவலாளிக்குக்கூட எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும், அவ்வளவு சின்னது. போன வருடம் ஒரு நாள் போனில், "அம்மா, நான் ஃபிலாசஃபி மேஜர் டிக்ளேர் பண்ணிட்டேன்" என்றாள். தத்துவத்தையே முதன்மைப் பாடமாக எடுத்துவிட்டாளாம்.

அவள் அப்பா வேலுமணி வீடே அதிரக் கத்தினார். நான் கத்தவில்லை. "நல்லது கண்ணு. உன் டிபார்ட்மென்ட் பசங்களை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா" என்றேன்.

மொத்தத் துறையே ஆறு பிள்ளைகள்தான். கூடவே பேராசிரியர் வால்டரும் வந்தார். பாவம், தனிக்கட்டை. மூன்றாவது தோசையில் மனம் திறந்தார். ஒரு துறையில் ஐந்து பேருக்குக் குறைந்தால் கல்லூரி அதை மூடிவிடுமாம். அடப்பாவமே என்று அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சட்னி வைத்தேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வந்தார்கள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. நம் வீடுகளில் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டேன்.

"படிச்சு முடிச்சு என்ன பண்ணப் போற கண்ணு?"

"தெரியல ஆன்ட்டி" என்றாள் ரூபிகா.

"பரவால்ல, நீ சாப்பிடு."

அடுத்த வாரமும் கேட்டேன். அதற்கடுத்த வாரம் கேட்கவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டேன். ரூபிகா டேட்டா சயின்ஸுக்கு மாறினாள். மதன் அக்கவுன்டிங் போனான். ஜேக்கப் என்ற வெள்ளைக்காரப் பையன்தான் கொஞ்சம் தாக்குப்பிடித்தான். அவன் அம்மாவின் நம்பரை வாங்கிப் பேச வேண்டியிருந்தது. வெண்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டு மரத்துப்போன காது அவளுடையது.

இரண்டு பேர் மாறியதே போதும்தான். ஆனால் என் கையால் சாப்பிட்ட பிள்ளைகள். மற்றவர்களை மட்டும் நட்டாற்றில் விட எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் அந்த வகுப்பில் வெண்பா ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள்.

துறையை மூடினார்கள். வால்டருக்கு வேலை போனது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு பாட்டில் பருப்புப்பொடி கட்டிக் கொடுத்தேன். இந்த ஊரில் தனக்காகக் கவலைப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று கண் கலங்கினார். நல்ல மனுஷன்.

வெண்பா என் மடியில் படுத்து அழுதாள். "எல்லாரும் ஏம்மா என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க?" என்று கேட்டாள். பெற்றவளுக்கு வருத்தம் இருக்காதா. தலையைத் தடவிக்கொண்டே, "கம்ப்யூட்டர் சயின்ஸ் கொஞ்சம் பாரேன் கண்ணு" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "இல்லம்மா. நான் ஹிஸ்டரி எடுக்கப் போறேன்."

எத்தனை பேர் என்று கேட்டேன். ஒன்பது பேராம்.

இதில் நான் என்ன தப்புச் செய்துவிட்டேன் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு துறையை மூடுகிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ்கூட வராது. அந்த ஒன்பது பிள்ளைகளும் பாவம், ஹாஸ்டல் சாப்பாடுதானே சாப்பிடுகிறார்கள். இந்த வாரம் அரிசியைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊறப்போட்டிருக்கிறேன்.