மூணாவது லைன் அமெரிக்கா போகிறது

தோலுக்கு விலை பேசினாலும் தோழமைக்கு விலை பேசாத தலைவர், அண்ணன் மக்பூல் அகமது அவர்களே! பள்ளிகொண்டாவிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும் பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே! ஷிப்ட் முடிந்து, அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! ஆம்பூர் ஈன்றெடுத்த இயக்குநர், தங்கை பூர்ணிமா அவர்களே! ஆம்பூர் திரைப்படச் சங்கச் செயலாளன் தனகோடியின் வணக்கமும் சலாமும் உங்கள் அனைவருக்கும் உரித்தாகட்டும்!

எங்கே அமெரிக்கா? எங்கே ஆம்பூர்? தங்கை எடுத்த ‘மூணாவது லைன்’ படத்தை ஹாலிவுட் திரும்ப எடுக்கிறது! ஷூ அனுப்பிக்கொண்டிருந்த ஊர், இன்று கதை அனுப்புகிறது!

என்ன தம்பி? ஷூட்டிங் இங்கேயா? இல்லையப்பா, அங்கேதான். நீ முடி வெட்டிக்கொண்டது வீண்.

ஆனால் அந்தப் படத்தின் உயிரே போக இருந்தது தெரியுமா? ஷூ கம்பெனியில் மூணாவது லைனில் தைக்கும் ஒருத்திக்கு, தாயின் சாவுக்குப் போக லீவு மறுக்கிறார்கள். லைன் முழுக்க மெஷினை நிறுத்துகிறது. அதுதானே நம்மை அழ வைத்த காட்சி? அதைத்தான் தூக்கிவிடப் பார்த்தார்கள்! திரைக்கதை எழுதும் அமெரிக்க அம்மையார், “யாரும் சொல்லாமல் எல்லோரும் எப்படி நிறுத்துவார்கள்? ஒரே கதாநாயகி எழுந்து முழங்கட்டுமே” என்றார். நேரில் பார்க்க இங்கேயே வந்தார்.

நாம் என்ன செய்தோம்? வெள்ளைக்காரர் என்றாலே நமக்கு ஷூ வாங்க வரும் பையர்தானே! கம்பெனியைச் சோதிக்கும் ஆடிட் என்று நினைத்துவிட்டது அவர் பார்க்கப் போன ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். தரையைக் கழுவினார்கள். தொப்பி போட்டார்கள், மாஸ்க் மாட்டினார்கள். யாரும் பேசக்கூடாது என்றார்கள். கதை கேட்க வந்தவர் கையில் ஷூ சாம்பிளைத் திணித்தார்கள்! மொழிபெயர்க்கக் கூடப் போன நான், “மேடம் சினிமாக்காரங்க” என்று கத்தினேன். எனக்கும் ஒரு தொப்பி மாட்டிவிட்டார்கள். சிரிக்காதீர்கள்! குனிந்த தலை நிமிராத பெண்களைப் பார்த்து, “இவர்களா நிறுத்துவார்கள்?” என்று அம்மையார் உதட்டைப் பிதுக்கினார்.

அப்போது வாட்ச்மேன் ஓடி வந்தார். “மெர்சி, உன் புள்ளைக்கு ஜுரம் ஜாஸ்தியாம். ஸ்கூல்லருந்து போன் வந்துச்சு.”

மெர்சி எழுந்தாள். சூப்பர்வைசர் மறித்தார். “பையர் போய்ட்டப்புறம் போம்மா. இப்ப லைன் நிக்கக் கூடாது.”

ஒரு மெஷின் நின்றது. பக்கத்து மெஷின் நின்றது. அதற்கடுத்தது நின்றது. ஆர்ப்பாட்டம் இல்லை, ஆவேசம் இல்லை, அதிகாரத்தை ஏசும் ஒரு சொல் இல்லை! தாய்மார்களே, தையல் சத்தம் நின்ற அந்தக் கூடத்தில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. சூப்பர்வைசர் வழிவிட்டார். மெர்சி ஓடினாள்.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தில் கதாநாயகியாக நடித்துவிட்டு மறுபடி மெஷினுக்கே வந்த நம் சைராவிடம் போனார். “யார் சைகை கொடுத்தது?” என்றார். நான் தமிழில் கேட்டேன்.

சைரா விழித்தாள். “சைகையா? இன்னாண்ணே கேக்குறாங்க? அவ புள்ளைக்கு ஜுரம்ணே.”

அவ்வளவுதான்! அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அம்மையார் நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நேற்று அவர்களின் திரைக்கதை வந்திருக்கிறது. அங்கே கோழிக்கறித் தொழிற்சாலை, வேலை செய்வோர் பல நாட்டுப் பெண்கள். ஊர் மாறியிருக்கிறது, பேர் மாறியிருக்கிறது. அந்தக் காட்சி மாறவில்லை! படம் ஓடுமா? ஓடும்! உலகம் அழுமா? அழும்! ஏன்? பிள்ளைக்கு ஜுரம் என்றால் எந்த நாட்டில்தான் புரியாது?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. இன்னும் முழங்க ஆசைதான். ஆனால் மெர்சியின் மகள், ஜுரம் தேறி வந்தவள், முன் வரிசையில் அம்மா மடியில் தூங்கிவிட்டாள். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டே வணங்குகிறேன். நீங்களும் கை தட்டாதீர்கள்.