குழந்தை இல்லாத காதுகுத்து

அறிவுமதி: இல்லீங்க சார், காதுகுத்துதான். பேனர்லயே போட்டிருக்கே.

ராஜமாணிக்கம்: பாத்தேன். போலீஸ் யூனிபார்ம் போடாமத்தான வந்திருக்கேன், ஏன் வேர்க்குது? புள்ள எங்க?

அறிவுமதி: உள்ள... தூங்குது.

ராஜமாணிக்கம்: இந்த மைக்கு சத்தத்துலயா?

அறிவுமதி: ரொம்பப் பொறுமையான புள்ள சார்.

ராஜமாணிக்கம்: சரி. ஆசாரி?

அறிவுமதி: நெல்லிக்குப்பத்துலேர்ந்து வரணும். பஸ்ஸு கெடைக்கலயாம்.

ராஜமாணிக்கம்: தாய்மாமன்? அவன் மடியில ஒக்கார வச்சித்தான குத்துவாங்க.

அறிவுமதி: அவரும்... வந்துகிட்டே இருக்காரு.

ராஜமாணிக்கம்: மேடையில ஒருத்தரு அரைமணி நேரமா கருத்துச் சுதந்திரம் பேசுறாரே?

அறிவுமதி: சித்தப்பா சார். வாழ்த்துரை.

ராஜமாணிக்கம்: வந்தவங்கள்ல பாதிப் பேரு ஜோல்னாப் பையி. மொய் எழுத ஒரு டேபிள் இல்ல. எந்த ஊரு வழக்கம்மா இது?

அறிவுமதி: ...சிதம்பரந்தான் சார்.

ராஜமாணிக்கம்: கடலூர்ல ஒன் புக்கு வெளியீட்டுக்குப் பர்மிஷன் இல்லன்னதும், வேற எங்கியாச்சும் நடத்துவேன்னு தெரியும். காதுகுத்துன்னு நெனைக்கல.

அறிவுமதி: கல்யாணம்னா மாப்ள வேணும் சார்.

ராஜமாணிக்கம்: பர்மிஷன் ஏன் இல்லன்னாங்களாம்?

அறிவுமதி: கெமிக்கல் கம்பெனில வேல பாத்து செத்தவங்களப் பத்தி எழுதினா பொது அமைதி கெட்டுடும்னு சொன்னாங்க. அவங்க செத்தப்ப கெடல.

ராஜமாணிக்கம்: அந்த அட்டப்பெட்டில?

அறிவுமதி: தாம்பூலம்.

ராஜமாணிக்கம்: ஒண்ணு குடு.

அறிவுமதி: வேணாம் சார்... ஒரு புக்கு ஸ்டேஷனுக்குப் போனா மொத்தத்தையும் அள்ளிடுவாங்க. ஒவ்வொரு வீடா போயி அழுவுறவங்ககிட்ட கேட்டு எழுதினது. வேற காப்பி கெடையாது.

ராஜமாணிக்கம்: ஆசிட் தொட்டில எறங்கி ஒரு பையன் செத்தானே... அது எந்தப் பக்கம்?

அறிவுமதி: புக்கே இன்னும் வெளிய வரல. ஒங்களுக்கு எப்பிடி...

ராஜமாணிக்கம்: அவனுக்கு என்னா பேரு வச்சிருக்க?

அறிவுமதி: கம்பெனி பேரு, மொதலாளி பேரு எல்லாம் மாத்திட்டேன். செத்தவங்க பேர மட்டும் மனசு வரல சார். செம்பியன்னே இருக்கு.

ராஜமாணிக்கம்: அந்தப் பேர மாத்தாத.

அறிவுமதி: சார்?

ராஜமாணிக்கம்: ரிப்போர்ட்ல காதுகுத்துன்னே எழுதிக்கிறேன்.

அறிவுமதி: வெளையாடாதீங்க சார். புள்ளயும் இல்ல, மாமனும் இல்ல, எவன் நம்புவான்?

ராஜமாணிக்கம்: அந்தச் சேர மேடையில போடு. செம்பியன் எங்க அக்கா மவன். அவனுக்குக் காது குத்தறப்ப என் மடியிலதான் ஒக்காந்து அழுதான். பெட்டியப் பிரிச்சி புள்ளயக் குடும்மா... தாய்மாமன் வந்தாச்சின்னு மைக்குல சொல்லச் சொல்லு.