கிணற்றுக்கட்டில் இருந்த மூடி

— நான் குடிச்சிட்டன் எண்டு எத்தினை தரம் சொல்லுறது, அம்மா!

— குடிச்ச ஆளின்ரை மூடி ஏன் கிணத்துக்கட்டிலை கிடந்தது? அதுக்கென்ன கால் முளைச்சதோ?

— எனக்குத் தெரியாது. நான் குடிச்சிட்டு மேசையிலைதான் வைச்சனான்.

— லக்சிகா, அம்மாவின்ரை முகத்தைப் பார். பொய் சொல்லுற பிள்ளையளுக்குக் காது இன்னும் கூடக் குத்தும்.

— நான் பொய் சொல்லேல்லை.

— மருந்தை மூடியிலை அளந்து ஊத்தி மேசையிலை வைச்சனான். பால் பொங்குதெண்டு குசினிக்கு ஓடினன். அடுப்படியைத் துடைச்சிட்டு வந்து பாத்தால் நீயும் இல்லை, மூடியும் இல்லை. தேடிக்கொண்டு போனால் கிணத்துக்கட்டிலை இருக்கு. பாதி மருந்து அப்பிடியே கிடக்கு. மற்றப் பாதியை எங்கை ஊத்தினனீ? வாழைக்கோ?

— வாழைக்கு இல்லை. என்ரை வயித்துக்கை கிடக்கு.

— உன்ரை வாய் இருக்கே, அது அப்பிடியே உன்ரை கொப்பற்றை வாய், அப்பாவை உரிச்சு வைச்ச வாய். சரி, போனது போகட்டும். போத்திலிலை இருந்து மிச்சப் பாதியையும் ஊத்தி நிரப்பியாச்சு. ஆ காட்டு.

— இது என்ரை மருந்தில்லை.

— பின்னை ஆற்றை மருந்து? மதிலிலை படுத்திருக்கிற பூனையின்ரையோ?

— என்ரை மருந்து இனிச்ச மணம். இது மண்ணெண்ணெய் மணக்குது.

— நேற்றுச் சுண்ணாம்பு மணக்குது எண்டனீ. முந்தநாள் கரப்பான் மணக்குது எண்டனீ. இண்டைக்கு மண்ணெண்ணெயோ? நாளைக்கு என்ன, பெற்றோலோ?

— நேற்றுச் சொன்னது சும்மா. இண்டைக்கு உண்மையா மணக்குது. நீங்களே மணந்து பாருங்கோ.

— எனக்கு ரெண்டு மூக்கும் அடைச்சுக் கிடக்கு. எல்லாம் உன்னட்டை இருந்து தொத்தின தடிமன். பக்கத்திலை கருவாடு கருகினாலும் எனக்குத் தெரியாது.

— அப்ப அப்பா மணந்து பாக்கட்டும். அப்பாவைக் கூப்பிடுங்கோ.

— வெங்காயத்துக்குப் புழு விழுந்திட்டுதெண்டு விடிஞ்சதிலை இருந்து தெளிக்கிற மெசினைத் தோளிலை கொழுவிக்கொண்டு தோட்டத்திலை நிக்கிறார் மனுசன். உன்ரை மூடியை மணக்க அவருக்கு நேரமில்லை. மருதனார்மடத்து டொக்டர் என்ன சொன்னவர்? சொல்லு.

— ஒரு நேரமும் தவறக்கூடாதாம்.

— தவறினால்?

— காதுக்கை இருக்கிற சீழ் உள்ளுக்குப் போகுமாம்.

— போனால்?

— காது கேக்காதாம்.

— காது கேக்காட்டில், ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு வாறது பிள்ளைக்கு எப்பிடித் தெரியும்? அம்மா கூப்பிடுறது எப்பிடித் தெரியும்? ராத்திரி முழுக்க நீ கத்தினதைக் கேட்டு அம்மா எப்பிடி அழுதனான் எண்டு உனக்குத் தெரியுமோ?

— தெரியும். நானும் பாத்தனான்.

— பின்னை ஏனடி குஞ்சு இந்தப் பாடு படுத்துறாய்? மூக்கைப் பொத்தி ஊத்தி விடட்டோ?

— வேண்டாம்! அம்மா, வேண்டாம்! மூச்சு முட்டும்!

— சரி, சரி, ஊத்தேல்லை. கையை எடு, தட்டிப்போடாதை. என்ன செய்தால் குடிப்பாய்?

— முதல் நீங்கள் குடியுங்கோ.

— நானோ? சரி, பார். ம்... நல்லாத்தானே இருக்கு.

— கள்ள விளையாட்டு! சொண்டிலை மட்டும்தான் தொட்டனீங்கள்.

— இந்த வயசிலை இவளுக்கு எத்தினை கண்! சரி, இந்தா ஒரு வாய்.

— முகத்தைச் சுழிக்கிறியள்.

— தடிமன் வாய்க்கு எல்லாம் கைக்கும், பிள்ளை. உனக்குக் கைக்காது.

— அப்ப மிச்சத்தையும் குடியுங்கோ. எனக்குப் போத்திலிலை இருந்து புதுசா ஊத்தித் தாங்கோ. கரண்டியிலை. அந்த மூடி வேண்டாம்.

— கரண்டியிலை எண்டால் அழாமல் குடிப்பியோ?

— ஓம்.

— துப்ப மாட்டியே?

— பிள்ளையாராணை துப்ப மாட்டன்.

— ஒரு மூடி மருந்து குடிச்சு எனக்கென்ன வரப்போகுது. உன்ரை காதுக்காக இதையும் குடிக்கிறன். இஞ்சை பார், அம்மா எப்பிடி மடக்கெண்டு விழுங்குறா எண்டு.

— நான் கை தட்டட்டோ? நீங்களும் எனக்குத் தட்டுறனீங்கள்தானே.

— தட்டு, தட்டு.

— அம்மா நல்ல பிள்ளை! அம்மா கெட்டிக்காரி! அம்மா முழுக்கக் குடிச்சிட்டா!

— ச்சீ... தொண்டை எரியுது. அந்தச் செம்பை எடு, குஞ்சு.

— இந்தாங்கோ தண்ணி.

— அப்பாடா. இனி உன்ரை முறை. கரண்டி வருகுது, ஆ...

— ஆ... ம்ம். இது ஸ்ரோபெரி மணம். இதுதான் என்ரை மருந்து.

— பாத்தியே? ஒரே போத்தில், ஒரே மருந்து. சும்மா ஒரு மூடிக்காக இவ்வளவு நாடகம்.

— இப்ப கதை சொல்லுங்கோ. குடிச்சால் கதை எண்டனீங்கள்.

— வா, பாயிலை வந்திரு. ஒரு ஊரிலை ஒரு அணில் இருந்ததாம். அதுக்கு வாலிலை ஒரு காயமாம்...

— ஏன் காயம்?

— முள்ளுக்கம்பி கிழிச்சுப் போட்டுது. அணிலின்ரை அம்மா இலையிலை மருந்து அரைச்சுக்கொண்டு... பொறு பிள்ளை. இந்தக் காத்தாடியைக் கொஞ்சம் கூட்டி விடு.

— அது கூட்டித்தான் கிடக்கு. அம்மா, உங்களுக்கேன் இப்பிடி வேர்க்குது?

— வெக்கை. மழை வரப்போகுதாக்கும்.

— எனக்கு வேர்க்கேல்லையே.

— நீ சின்னப்பிள்ளை. எங்கை விட்டனான்? ஓ, அணில். அணில் மாட்டன் எண்டு கிணத்துக்கட்டிலை போய்... இல்லை, மரத்திலை போய்...

— வாயாலை வீணீர் வடியுது, அம்மா. பாப்பா மாதிரி. துடையுங்கோ.

— ஓம்... ஏனெண்டு தெரியேல்லை, ஊறிக்கொண்டே இருக்கு. வயித்தையும் பிரட்டுது. தேத்தண்ணியும் குடிக்கேல்லை எல்லோ, அதுதான்.

— என்னைப் பாருங்கோ. உங்கடை கண்ணுக்கை இருக்கிற கறுத்தப் பொட்டு, ஊசிக்கண் மாதிரிச் சின்னனாப் போச்சு.

— எனக்கும் நீ புகைக்குள்ளை நிக்கிற மாதிரித்தான் தெரியுறாய். ராத்திரி நித்திரை இல்லாத கோலம். கொஞ்சம் சரியிறன்.

— கதை?

— அப்பா வந்து... மிச்சத்தைச் சொல்லுவார்.

— உங்கடை கை ஏன் துள்ளுது? அம்மா? நான் பிடிச்சுக்கொண்டிருக்கட்டோ?

— பிடி... குஞ்சு...

— பிடிச்சிட்டன். அம்மா? அம்மா, நித்திரையோ? சரி. நான் சத்தம் போடாமல் இருக்கிறன்.

— கஜந்தினி! இஞ்சாரும்! லக்சி, அம்மா எங்கை?

— உஷ்ஷ்! கத்தாதையுங்கோ, அப்பா. அம்மா நித்திரை.

— இந்த நேரத்திலையோ? சரி, படுக்கட்டும். ராத்திரி முழுக்க முழிச்சவா எல்லோ. வாசலுக்கு வா பிள்ளை. என்ரை உடம்பு முழுக்க வெங்காயப் புழுவுக்கு அடிச்ச கிருமிநாசினி, நான் உள்ளுக்கை வரேல்லை. கிணத்துக்கட்டிலை ஒரு மூடி வைச்சனான், கண்டனியோ?

— எந்த மூடி?

— உன்ரை மருந்தளக்கிற மூடிதான். என்ரை நாசினிப் போத்தில்டை மூடி வெடிச்சுப் போச்சு. உன்ரை மூடி மேசையிலை வெறுமையாக் கிடந்தது, அளக்க எடுத்தனான்.

— பாத்தியளே! நான் குடிச்சு முடிச்சுத்தான் வெறுமையா வைச்சனான். அம்மா நம்பேல்லை!

— என்ரை கெட்டிக்காரி. மெசினிலை அடுத்த ராங்கித் தண்ணிக்குக் கலக்க எண்டு அதிலை அளந்து வைச்சிருக்க, பக்கத்துத் தோட்டத்துப் பிரவீணன் தன்ரை வெங்காயத்தை வந்து பாரண்ணை எண்டு கூப்பிட்டுப் போட்டான். அங்கை நிண்டு கதைச்சதிலை நேரம் போட்டுது. பால் மாதிரி, உன்ரை மருந்து மாதிரியே வெள்ளையா இருக்கும், பிள்ளை கையாலையும் தொடக்கூடாது. எங்கை அது?

— மேசையிலை. ஆனால் உள்ளுக்கை ஒண்டும் இல்லை.

— ஒண்டும் இல்லையோ? லக்சி, கிட்ட வா! வாயைத் திற! குடிச்சனியோ? சொல்லு குஞ்சு, அப்பா அடிக்க மாட்டன். குடிச்சனியோ?

— இல்லை அப்பா. மாட்டன் எண்டு அழுதனான். அது மண்ணெண்ணெய் மணந்தது.

— முருகா... என்ரை முருகா! ஒரு கணம் உயிர் போய் வந்திட்டுது. நல்ல காலம், அம்மா கண்டு ஊத்திப் போட்டா போலை.

— ஊத்தேல்லை, அப்பா. எனக்குக் குடிச்சுக் காட்டுறன் எண்டு அம்மா முழுக்கக் குடிச்சவா. நான் கையும் தட்டினனான்.