ஓரத்து ராஜாவுக்காக ஓடியவன்

மேடையில் அமர்ந்திருக்கும் கால்பந்துச் சங்கத் தலைவர் அவர்களே, ராஜாவுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் அவர்களே, மகளிர் கிளப்பின் செயலாளர் அவர்களே, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பழைய ஆட்டக்காரர்களே, ரசிகர்களே, முன்வரிசையில் இருக்கும் ராஜாவின் மனைவி, என் தங்கச்சியே, அவர் பக்கத்தில் இருக்கும் ராஜாவின் மகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேடை எனக்குப் பழக்கமில்லை. நான் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். அதற்கு முன்னால் இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். மூன்று கிளப்புகளில், ஆறு ஆண்டுகள், ராஜாவுக்குப் பின்னால் நின்று ஆடினேன். அவருடைய முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிரிக்கலாம், தப்பில்லை. அவர் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பார்.

யார் இந்த ஓரத்து ராஜா? பதினாறு ஆண்டுகளில் ஒன்பது கிளப்புகளுக்கு ஆடியவர்! நான்கு நாடுகளில் ஓடியவர்! மைதானத்தின் எல்லைக்கோட்டை ஒட்டியே ஓடி, ஆட்டம் முடியும்போது இடது பூட்ஸ் முழுக்கச் சுண்ணாம்பாக நின்றவர்! ரசிகர்கள் கொடுத்த பட்டம் அது. எந்தச் சங்கமும் கொடுத்ததில்லை. தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எத்தனை கோப்பை வாங்கினார்? ஒன்றுகூட இல்லை. அவர் விட்டுவந்த இரண்டு கிளப்புகள் அடுத்த வருஷமே கோப்பை வாங்கின. “நான் கெளம்புனாத்தான் இவனுங்களுக்கு விடியும்போல”என்பார். எத்தனை கோல் போட்டார்? அதையும் கேட்காதீர்கள். அவர் போட்டுக் கொடுத்த பந்தைத் தலையால் முட்டிப் பேர் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அதில் இரண்டு பேர் இதோ இந்த மேடையில் இருக்கிறார்கள்.

புது ஊருக்குப் போனால் சாப்பாடு, தண்ணீர் என்பதற்கெல்லாம் என்ன சொல்வார்கள் என்று அவர் கேட்டதில்லை. “பின்னாடி ஆள் வருது”என்பதற்கு இங்கே என்ன வார்த்தை என்றுதான் முதலில் கேட்பார். அது தெரியாமல் எந்த மைதானத்திலும் இறங்கியதில்லை. அலமாரியில் துணி அடுக்கவும் மாட்டார். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, அதில் இரண்டு சட்டை, கட்டிலுக்கு அடியில் பெட்டி. ஒன்பது ஊரிலும் அதே அறைதான். தங்கச்சி கல்யாணமாகி வந்த புதிதில், “அண்ணே, நாம வீட்ல இருக்கமா, வெயிட்டிங் ரூம்ல இருக்கமா?”என்று என்னிடம் கேட்டார்.

அப்படிப்பட்டவர் எப்படிப் போனார்? பதினெட்டு நாட்களுக்கு முன்னால், காலை எட்டரை மணிக்கு, நகர ஆரம்பித்த பேருந்தைப் பிடிக்க ஓடினார். பிடித்தும் விட்டார்! நாற்பத்தாறு வயதில், கையில் பையோடு ஓடிப் பிடித்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். நடத்துநர் வந்து இரண்டு தடவை தோளைத் தொட்டார். அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொன்னார்கள். அப்பா விட்ட இடத்திலிருந்து மகள் ஓடுவாள் என்றார்கள். செயலாளர் ஐயா பதினோராம் எண் சட்டையை விரித்துக் காட்டினார். நீங்கள் கைதட்டினீர்கள். வியாழக்கிழமை உடல் பரிசோதனை, வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றார். குட்டி ராஜா என்று இப்போதே பெயர் வைத்துவிட்டீர்கள். கை தட்டாதவன் நான் ஒருவன்தான். ஏன் என்று கேட்க மாட்டீர்களா?

இதுவரை மேடைக்காக ‘அவர்’என்றேன். இனிமேல் சொல்லப்போவதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. அவன் என் நண்பன்.

ஆறு கிளப்புகளுக்கு ஆடிய பிறகு ஒரு பெரிய கிளப் அவனைக் கூப்பிட்டது. ஒப்பந்தம் தட்டச்சு ஆகித் தயாராக இருந்தது. பரிசோதனை செய்த மருத்துவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “உங்க இதயச் சுவர் தடிச்சிருக்கு. மாத்திரை சாப்பிடணும், வருஷா வருஷம் பார்க்கணும். இனிமே ஆடாதீங்க.”பிறவியிலேயே வருவது, குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கிளப் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டது. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு கிளப் கூப்பிட்டது. சின்ன கிளப். பரிசோதனைக்கு வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவன் முகம் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துச் சீட்டில் புகைப்படமும் கிடையாது. அவன் என்னிடம் வந்தான். “ரெண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே எடை. ஒரு மணி நேர வேலைடா. எனக்கு வேற எதுவும் தெரியாதுடா”என்றான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தேன்? போனேன்! அவன் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மார்பில் வயர்களை ஒட்டினார்கள். ஓடும் பெல்ட்டின் மேல் ஏறிப் பன்னிரண்டு நிமிடம் ஓடினேன். ஸ்கேன் எடுத்தார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த பெண், “நல்ல இதயம் சார் உங்களுக்கு”என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு தடவை இல்லை. மூன்று தடவை. மூன்று கிளப்புக்கு, மூன்று ஊரில், பஸ் ஏறிப் போய் ஓடினேன். மூன்றாவது தடவை கொஞ்சம் சதை போட்டிருந்தேன். “ஆட்டக்காரருக்கு இவ்ளோ தொப்பை ஆகாது”என்று சொன்னார்கள். இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம்!

அதற்குப் பிறகு நடந்தது என்ன தெரியுமா? இது எனக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஆட்டத்தை விட்ட பிறகு ஒரு நாள், “மாத்திரை சாப்பிடறியாடா?”என்று கேட்டேன். “எதுக்குடா? மூணு தடவை நல்லா இருக்குன்னுதானே வந்திருக்கு”என்றான். முதலில் வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. அந்தக் காகிதங்களை அவன் நம்பத் தொடங்கியிருந்தான். மேலே அவன் பெயர், கீழே என் இதயம். அவன் பெயரைத்தான் அவன் படித்தான். “டேய், அது நான்டா”என்று சொல்லி அவனை உலுக்கியிருக்க வேண்டாமா? பேச்சை மாற்றினேன். கடைக்குப் புதிதாக வந்திருந்த டைல்ஸைக் காட்டினேன்.

தங்கச்சி, இது உங்களுக்குத் தெரியாது. பதினெட்டு நாளாக உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுச் சொல்லாமல் திரும்பினேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். என்ன பயன்? நீங்கள் மன்னித்தாலும் அவன் வரப்போவதில்லை. மன்னிக்காதீர்கள்.

இதைச் சொல்ல இன்றைக்குத்தான் நேரம் கிடைத்ததா என்று தலைவர் பார்க்கிறார். ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது, தெரிகிறது. நேற்று நடந்ததையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

நேற்று ராஜாவின் மகள் என் கடைக்கு வந்தாள். மருத்துவமனையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிள்ளைகளும் பார்த்துக்கொள்வது நல்லது என்று. அம்மாவிடம் சொல்லாமல் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். அறிக்கையை என் மேஜைமேல் வைத்தாள். “மாமா, அப்பாவுக்கு வந்த அதேதான்”என்றாள்.  அவள் அழவில்லை. வேறொன்று கேட்டாள்.

“நீங்க அப்பாவுக்காக ஓடுனதை அப்பா சிரிச்சிக்கிட்டே எங்கிட்ட சொல்லியிருக்காரு. வியாழக்கிழமை டெஸ்டுக்கு வெளி லேபுக்குத்தான் அனுப்புறாங்க, அங்க என்னை யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு ஆள் வேணும் மாமா. உங்க பொண்ணு என் உயரம்தான். தலைமுடிகூட அதே மாதிரி. அவ சரின்னு சொல்லிட்டா.”

என் மகள் சரி என்று சொல்லிவிட்டாள்! யோசிக்கவே இல்லை. நானும் யோசிக்கவில்லையே! இதோ, இரண்டு பேரும் முன்வரிசையில் கைகோத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதே அன்புதான் எனக்கும் இருந்தது. அதைக் கொண்டுதான் அவனை அனுப்பி வைத்தேன்.

பேசிப் பார்த்தேன். நீ சாவாய் என்றேன். “ஆடாம இருந்து மட்டும் என்ன மாமா பண்ணப் போறேன்? அப்பா நாப்பத்தாறு வரைக்கும் இருந்தாருல்ல”என்றாள். பத்தொன்பது வயது.   போகும்போது, “இதை வெளிய சொன்னீங்கன்னா நீங்க எனக்கு யாரும் இல்ல”என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகவே, அவையோரே, அவர் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுத்து முடிக்க வேண்டும் என்று சங்கத்தார் என்னிடம் சொன்னார்கள். நான் எதைத் தொடர்வேன்? என் மகளை வியாழக்கிழமை பஸ் ஏற்றி அனுப்பவா? செயலாளர் ஐயா, உங்கள் காதிலேயே சொல்கிறேன், ஊர் கேட்கச் சொல்கிறேன். இந்தப் பெண்ணுக்கு அப்பாவுடைய இதயம்தான் இருக்கிறது. அந்தச் சட்டையை மடித்து வையுங்கள். எந்தக் கிளப் கூப்பிட்டாலும், எந்த நாட்டில் கூப்பிட்டாலும், அங்கே போய் இதையே சொல்வேன். நான் எடுக்கும் உறுதிமொழி இதுதான். இதனால் அவள் பிழைப்பாள் என்றுகூட என்னால் உறுதி சொல்ல முடியாது. அவளுக்கு இருந்த ஒன்றே ஒன்றை நான் இன்று அவள் அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்துப் பறித்துவிட்டேன். அது மட்டும் நிச்சயம்.

அவள் எழுந்துவிட்டாள். வழி விடுங்கள், யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். தங்கச்சி, நீங்கள் பின்னால் போங்கள். மைக்கை அணைக்காதீர்கள் ஐயா, ஒரு நிமிடம். மகளே, என்னைத் திட்டிக்கொண்டே போ. இனிமேல் என் வாசல் பக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனா ஓடாதம்மா. வெளியில படி இருக்கு. நடந்து போ.